மலையேறிய நரம்புத் தளர்ச்சியும் மலையிறங்கும் மனநோயும்

ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற வேளை, பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் காதில் ஒலிக்க அவற்றின் ஏவலுக்கு அஞ்சி ஓடும் வேளை, பல நாள் உணவும் உறக்கமும் பேச்சுமின்றி உறைந்துபோகும் வேளை ஆகியவற்றை மனநல மருத்துவம் அவசரநிலை என்று வகுக்கிறது. இந்நிலையில் நோயாளி தாமாகவே சிகிச்சையைத் தேடிச் செல்வது அரிது. அவரை முதலில் கண்டுகொள்பவர் யார், எவ்வாறு கொண்டுசெல்கிறார், யார் கையில் ஒப்படைக்கிறார் என்பவையே சிகிச்சையின் தொடக்கத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, ஒரு சமுதாயம் எந்த மக்களை எந்த மதிப்பில் வைத்திருக்கிறது என்பது மருத்துவத்தின் மற்றப் பிரிவுகளைவிட இப்பிரிவில் அப்பட்டமாகத் தெரியும்.

மேலைநாடுகளில் இது நெடுங்காலமாக ஆராயப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின்கீழ் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் வைக்கப்படுவோரின் விகிதம், 2022-23ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரிடையே சுமார் 3.5 மடங்கு அதிகம். அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் கை கால்களைக் கட்டிக் கட்டுப்படுத்தும் முறைக்குக் கறுப்பின நோயாளிகளே கூடுதலாக ஆளாகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தின் நாரிச் நகர மனநல விடுதி ஒன்றில் 1998 அக்டோபர் 30 அன்று டேவிட் பென்னட் என்ற கறுப்பின நோயாளியைப் பணியாளர்கள் தரையோடு அழுத்திப் பிடித்ததில் அவர் இறந்தார். பின்னர் நடந்த விசாரணை, நாட்டின் மனநலச் சேவையில் நிறுவனமயமான இனப்பாகுபாடு இருப்பதாகவே முடிவுக்கு வந்தது. சுருங்கச் சொன்னால், அந்நாடுகளின் குறை அளவுக்கு மீறிய பலப்பிரயோகம். நோயாளி மருத்துவமனை வாசலை அடைந்தபின் அவர் தோலின் நிறம் பார்த்து நடத்தப்படுவதைப் பற்றியவை அந்நாட்டு ஆய்வுகள்.

இதே அளவுகோலைப் பழனி மலைத்தொடருக்கு அப்படியே கொண்டுவந்தால் ஆய்வு தொடங்கும் முன்பே நின்றுவிடும். இந்நாட்டில் இனவேறுபாடு பழங்குடி என்றும் சாதி என்றும் வேறு உருவத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். வாசலை அடைபவர்கள் யார் என்பதே இங்கு எண்ணப்படுவதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை இந்தியாவில் 1,70,924 தற்கொலைகளையும் தமிழ்நாட்டில் 19,834 தற்கொலைகளையும் பதிவுசெய்து, அவற்றைத் தொழில், கல்வி, வருமானம், திருமண நிலை என்று பலவாறு பகுத்துத் தருகிறது. இறந்தவர் பழங்குடியா, பட்டியல் சாதியா என்ற பகுப்பு அதில் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதையும், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையின்றி இருப்பதையும் கண்டது. மாநில அளவிலான அந்த மாதிரியில், மக்கள்தொகையில் 1.1 சதவீதமே உள்ள தமிழ்நாட்டுப் பழங்குடியினரைத் தனியே பிரித்து எதுவும் சொல்ல இயலாது. அபய் பங் தலைமையிலான பழங்குடியினர் நலவாழ்வு வல்லுநர் குழு 2018இல் தந்த அறிக்கை, பழங்குடி மக்களின் தனித்த பத்து நலவாழ்வுச் சிக்கல்களுள் ஒன்றாக மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் சேர்த்தது. அதற்கான தரவுகளின் வறுமையையும் அக்குழு மறைக்கவில்லை. எண்ணப்படாத வேறுபாடு நிர்வாகத்தின் கண்ணுக்கு வேறுபாடாகவே படாது.

இம்மலையின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. இதன்மேல் அமைந்த கொடைக்கானல் என்ற ஊரே ஒரு வகையில் மனநல நிறுவனமாகத்தான் பிறந்தது. 1821இல் லெப்டினன்ட் வார்டு இம்மலையை அளந்த பின்னர், மதுரைச் சமவெளியின் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தம்மவர் பலரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் இங்கு முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் ஆட்சியர் வெரே லெவிஞ்ச் ஏரியை அமைத்தார். உடல்நோய்க்கு அஞ்சி வந்தவர்களோடு, வெயிலிலும் தனிமையிலும் அலுவல் சுமையிலும் மனம் ஓய்ந்தவர்களும் வந்தார்கள். 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு அத்தகைய ஓய்ச்சலுக்கு நரம்புத் தளர்ச்சி என்று பொருள்படும் ஒரு நோய்ப்பெயரைப் பரப்பினார். மூளையுழைப்பு மிகுந்த நாகரிக மனிதருக்கே அது வரும் என்று கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டல நரம்புத் தளர்ச்சி என்ற புதிய வடிவம் எடுத்து, பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளுக்கும் பாதிரிமாருக்கும் அவர்தம் மனைவியருக்கும் உரிய நோயாக அது மருத்துவ ஏடுகளில் நிலைபெற்றது. எரிச்சல், உறக்கமின்மை, அழுகை, ஞாபக மறதி, தற்கொலை எண்ணம் எல்லாம் அதற்குள் அடங்கின. மலைவாசம் அதற்கு மருந்து. வெள்ளை மனத்தைச் சமவெளியிலிருந்தும் சமவெளி மக்களிடமிருந்தும் விலக்கிவைப்பது மலைநகரங்களின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்ததை வரலாற்றாசிரியர் டேன் கென்னடி 1996இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

மலைச்சாலை வருமுன் இந்த நோயாளிகளைப் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலியிலும் நாற்காலியிலும் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். சுமந்தவர்களுக்கு நரம்பு தளரும் என்று எந்த மருத்துவரும் எழுதியதாகத் தெரியவில்லை. தளர்ச்சி முற்றிப் புத்தி பேதலித்தாலும் வெள்ளையருக்கு வேறு வழி இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனியும் பின்னர் அரசும் அவர்களைக் கப்பலேற்றி, 1818 முதல் 1870 வரை லண்டனில் பெம்புரோக் இல்லத்துக்கும், அதன்பின் 1892 வரை ஈலிங்கில் இருந்த ராயல் இந்தியா காப்பகத்துக்கும் அனுப்பின; 1918இல் ராஞ்சியில் ஐரோப்பியருக்கெனவே ஒரு மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. சென்னையில் 1794இல் வாலண்டைன் கானலி தொடங்கிய காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தபோதும் ஐரோப்பியர், யுரேஷியர், சுதேசிகள் என்று பிரித்தே இடம் தரப்பட்டது. அதே காலத்தில் விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் காப்பகங்கள் எழுந்தன. மதுரைப் பகுதிக்கு ஒன்றும் வரவில்லை.

மலையின் பழைய குடிகள் இக்கதைக்கு வெளியே இருந்தார்கள். தாண்டிக்குடி, பாச்சலூர், கே.சி.பட்டி முதலிய கீழ்மலைப் பகுதிகளிலும் மலையின் பிற சரிவுகளிலும் வாழும் பளியர், கிழங்கும் தேனும் தேடி வாழ்ந்து, வனச்சட்டங்கள் இறுகியபின் காப்பி, ஏலக்காய்த் தோட்டங்களின் கூலிகளானவர்கள். அவர்கள் பட்டியல் பழங்குடியினர். எனினும் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக ஏற்கப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பிரிவுகளுள் அவர்கள் இடம்பெறவில்லை என்பதால், அப்பிரிவினருக்கான தனித் திட்டங்கள் இம்மலைக்கு வருவதில்லை. அவர்களோடு காட்டையும் தோட்டத்தையும் பகிர்ந்து வாழும் மலைப்புலையர் பட்டியல் சாதியில் எண்ணப்படுகிறார்கள். தங்களைப் பழங்குடியாக ஏற்க வேண்டும் என்பது அவர்களது நெடுநாள் கோரிக்கை. மூன்றாவதாக, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் குடும்பங்களும் மேல்மலைக் கிராமங்களில் மரம்வெட்டும் கூலிகளாகக் குடியேறின.

பளியரிடையே 1962 முதல் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்டனர், அவர்களிடம் கண்ட தனித்தன்மைகளுள் ஒன்று இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது. பூசல் மூண்டால் எதிர்த்து நிற்பதைவிட விலகிச் செல்வதே அவர்களது வழக்கம். ஒருவர் மற்றவரை அடக்கியாள்வதும் அறிவுறுத்துவதும் மரியாதைக் குறைவாகக் கருதப்படும். மனத்தாங்கல் உற்றவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறிடம் போய்விடுவார். தீராத இக்கட்டில் சாமியாடியின் மேல் இறங்கும் தெய்வம் வழி சொல்லும். மனநல அவசரநிலை பற்றிய பாடநூல் இலக்கணமோ ஆபத்து என்ற அளவுகோலை மையமாகக் கொண்டது: அடிக்கிறாரா, உடைக்கிறாரா, தீ வைக்கிறாரா என்று அது கேட்கும். அந்த அளவுகோல் சத்தமிடும் நோயை அடையாளம் காணும். காட்டுக்குள் ஒதுங்கி உண்ணாமல் மெலியும் நோயைத் தவறவிட்டுவிடும். விலகிப்போவதை இயல்பாகக் கொள்ளும் சமூகத்தில் நோயால் விலகியவரைப் பிரித்தறிய அச்சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் கண் வேண்டும். மருத்துவமனையின் முதல் வரிசையில் அப்படி ஒருவர் இல்லை என்பதில்தான் பழனி மலையின் வேறுபாடு தொடங்குகிறது.

அடுத்தது தொலைவு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்குச் செல்ல ஏறக்குறைய 95 கிலோமீட்டர், மதுரைக்கு 120 கிலோமீட்டர். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி போன்ற மேல்மலை ஊர்களிலிருந்து கொடைக்கானலை அடையவே பல கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். டால்பின் நோஸ் பாறைக்குக் கீழ்ச்சரிவில் உள்ள வெள்ளகவி, மோட்டார் சாலை இல்லாமலே தலைமுறைகளைக் கழித்த ஊர். அங்கே நோயாளிகளை இன்றைய தலைமுறையும் டோலி கட்டியே சுமந்திருக்கிறது. பிரசவ வேதனையிலோ எலும்பு முறிவிலோ இருப்பவர் டோலியில் படுத்திருப்பார். குரல்களுக்கு அஞ்சி நடுங்குபவரை டோலியில் கொண்டுசெல்லக் கட்டித்தான் ஆக வேண்டும். மேலைநாட்டு மருத்துவமனையில் பணியாளரின் தப்பெண்ணத்தால் நேரும் கட்டுதல் இங்கே பாதையின்மையாலேயே நேர்ந்துவிடுகிறது. கட்டுபவர் உடன்பிறந்தவராகவோ பங்காளியாகவோ இருப்பார் என்பதால் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை மலைப்பாதைகளில் எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை; ஆனால் அலைபேசி அலை எட்டாத ஓடைக்கரைக் குடியிருப்பிலிருந்து அதை அழைப்பதே முதல் இடர்.

மலையில் மிகுதியாகக் கண்ணுக்குத் தெரியும் மனநல அவசரநிலை பூச்சிமருந்தும் எலிப்பசையும்தான். பூண்டு, உருளை, கேரட் பயிரிடும் படிக்கட்டு வயல்களின் ஓரத்துக் குடிசைகளில் பூச்சிமருந்து டப்பா அடுப்புக்கு அருகிலேயே இருக்கிறது. இவ்விடங்களில் விஷம் குடித்தவரை முதலில் பார்ப்பவர் அவசரப் பிரிவின் பொது மருத்துவர். இரைப்பையைக் கழுவி, பூச்சிமருந்தானால் அட்ரோபின் செலுத்தி, உயிரைக் காத்து, மேல் சிகிச்சைக்குக் கீழே அனுப்புகிறார். உயிர் பிழைத்தபின் மனத்தைப் பற்றிக் கேட்கும் இரண்டாவது கட்டம் பெரும்பாலும் நடப்பதில்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும் வழக்கம் தொடர்வதால், குணமாகுமுன்பே உறவினர் நோயாளியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடவும் கூடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, மறுவாழ்வு தரும் கடமை அரசுக்கு உண்டு என்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்திலும் தற்கொலை முயற்சிக்கான பழைய 309ஆம் பிரிவு இல்லை. அச்சம் மட்டும் மலையில் அப்படியே இருக்கிறது.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. மேல்மலையின் குண்டுப்பட்டியில், தேர்தலைப் புறக்கணித்த தலித், தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்கள்மீது 1998 பிப்ரவரியில் காவல்துறை நடத்திய தாக்குதலை மறு ஆண்டே ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் தன் அறிக்கையில் பதிவுசெய்தது. வனத்துறையோடும் காவல்துறையோடும் இப்படிப்பட்ட உறவு கொண்ட மக்களுக்கு, அலைந்து திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு காவலருக்கு இடும் கடமை, காகிதத்தில் பரிவாகவும் நேரில் கைதாகவும் தோன்றும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு மடிப்பான கேரளத்து அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22 அன்று நடந்தது இதன் உச்சம். மனநலம் குன்றிக் காட்டுக் குகையில் வாழ்ந்த மது என்ற பழங்குடி இளைஞரை, அரிசி திருடினார் என்று ஒரு கும்பல் பிடித்துக் கட்டி அடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் காவல்துறை வண்டியிலேயே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. வீட்டைவிட்டு ஒதுங்கியிருந்த அத்தனை காலமும் சிகிச்சை அவரைத் தேடிச் செல்லவில்லை. மேலைநாட்டில் மிகையாகவும் இம்மலைகளில் இன்மையாகவும் தெரியும் இரண்டும் ஒரே பாகுபாட்டின் இரு முனைகள். இன்மை முற்றிய நாளில் அதுவும் பலப்பிரயோகமாகவே வந்து முடிகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தப் பாகுபாட்டை அறியாததன்று. நோயை நிர்ணயிப்பதில் ஒருவரது பண்பாட்டு, இன, மதக் குழுவைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 3ஆம் பிரிவும், எவரும் சிகிச்சைக்காக நெடுந்தொலைவு பயணம் செய்யும் நிலை கூடாது என்று 18ஆம் பிரிவும் தெளிவாகச் சொல்கின்றன. சங்கிலியால் பிணைப்பது எவ்வகையிலும் கூடாது என்று 95ஆம் பிரிவு தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதன் வடு அந்தப் பிரிவில் இருக்கிறது. மிகப் பயனுள்ளது 94ஆம் பிரிவு: உயிருக்கு ஆபத்தோ பெருங்கேடோ நேரும் நிலையில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும், மருத்துவமனையிலோ நோயாளியின் இருப்பிடத்திலோ, நியமனப் பிரதிநிதி இருந்தால் அவரது ஒப்புதலோடு 72 மணி நேரம் வரை அவசர மனநலச் சிகிச்சை அளிக்கலாம், மின்னதிர்ச்சி மட்டும் கூடாது. அதாவது தாண்டிக்குடி ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளம் மருத்துவர் மனநல நிபுணருக்காகக் காத்திருக்கச் சட்டப்படி தேவையில்லை. பயண இடர்களைக் கருதி வடகிழக்கு மாநிலங்களுக்கும், இமாசலம், உத்தராகண்டம், ஜம்மு காஷ்மீருக்கும் சில காலக்கெடுக்களைத் தளர்த்தும் தனிப் பிரிவும் இச்சட்டத்தில் உண்டு. மாநிலமே மலையாக இருந்தால் இடர் உண்டு, சமவெளி மாநிலத்துக்குள் மலை இருந்தால் இடர் இல்லை என்பது போன்ற இந்த ஏற்பாட்டுக்கு நிலவியலில் நியாயம் கிடையாது.

செய்யத்தக்கது என்ன என்பதும் புதிரன்று. கிளர்ச்சியுற்ற நோயாளியை விரைவாகவும் பாதுகாப்பாகவும் அமைதிப்படுத்த ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்த மலிவான ஊசியே போதும் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பங்கேற்று 2004இல் வெளிவந்த ஆய்வு உலகுக்கே காட்டியது. புதுக்கோட்டைச் சிற்றூர்களில் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் பேருந்தில் தொலைமனநல மருத்துவத்தைக் கொண்டுசென்றது. கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனை பணியர், காட்டுநாயக்கர் சமூகத்துப் பெண்களையே செவிலியராகவும் ஊர் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்திருக்கிறது. வாசலில் தம் மொழியில் தம் முறைசொல்லி அழைக்கும் ஒருவர் இருந்தால் பழங்குடியினர் மருத்துவமனைக்கு வரத் தயங்குவதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. அரசின் 14416 மனநல அழைப்பெண் நல்ல ஏற்பாடே. கொடைக்கானல் விடுதியில் போதைக்காளான் தின்று கலங்கிய சுற்றுலாப் பயணிக்கு உடனே உதவும் அது, அலைபேசி அலை இல்லாத பளியர் குடியிருப்புக்கு இப்போதைக்கு வெறும் எண்தான். அலைந்து திரியும் மனநோயாளிகளுக்காக மாவட்ட மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டுவரும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களும் சமவெளியிலேயே உள்ளன.

சமூக வாரியாகப் பதிவுசெய்வது பழங்குடியினர்மீது புதிய முத்திரை குத்துவதாகும் என்ற எதிர்ப்பு எழக்கூடும். ‘இவர்கள் எல்லாம் குடிகாரர்கள்’ என்ற ஏளனத்துக்குத் தரவு துணைபோகலாம் என்ற அச்சம் பொருளற்றதன்று. இங்கிலாந்திலும் அந்த விவாதம் நடந்தது. எனினும் அங்கே எண்ணியதால்தான் 3.5 மடங்கு என்று சொல்லவும், சட்டத்தைத் திருத்தக் கோரவும் முடிந்தது. பெயரின்றி, ஊரின்றி, தொகையாக மட்டும் வெளியிடும் கணக்கால் எவருக்கும் இழிவு நேராது.

ஆகவே நான்கு செயல்களைக் கேட்பது மிகையாகாது. பழனி மலையின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மேற்சொன்ன இரு ஊசிமருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும். 94ஆம் பிரிவைப் பயன்படுத்த அங்குள்ள மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் 108 பணியாளர்க்கும் பயிற்சி தர வேண்டும். பளியர், மலைப்புலையர் இளைஞர்களையும் பெண்களையும் ஊதியம் பெறும் மனநலப் பணியாளராகக் குடியிருப்புதோறும் அமர்த்த வேண்டும். அவசரப் பிரிவுப் பதிவேட்டில் நோயாளியின் சமூகம், புறப்பட்ட ஊர், வந்துசேர எடுத்த நேரம், அழைத்து வந்தவர், வழியில் கட்டப்பட்டாரா என்ற ஐந்து விவரங்கள் சேர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகமும் மாநில மனநல ஆணையமும் ஆணையிட்டால் போதும்.